ஒற்றைக் குண்டின் பொறுப்பு

வன்னி நாட்டுக் கிராமங்களில் 'இடியன் துவக்கு' என்னும் பெயரைக் கேளாத முதியோர் இலர். மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, கோலினால் இடித்துக் கெட்டித்த பின்னரே வெடி தீர்க்கப்படுவதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. மருந்தும் குண்டும் ஒருங்கே அடங்கிய தோட்டாக்கள் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், இவ்வகைத் துவக்கு உலகினின்று மறைந்துவிடவில்லை. சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில் அதனைப் பேணுவோர் பலர். அத்தகையோரின் தேசிய சங்கம் ஒன்று 1933ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இந்தியானா மாநிலத்தின் பிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டுள்ளது. மாநிலங்கள் பலவற்றில் வாய்வழி மருந்திடும் துவக்குகளுக்கெனத் தனி வேட்டைப் பருவமே வகுக்கப்பட்டிருக்கிறது. பென்சில்வேனியா மாநிலம் சக்கிமுக்கிக்கல் பூட்டிய துவக்குகளுக்கென 1974இல் அத்தகைய பருவமொன்றை ஏற்படுத்தியது.

இத்துவக்கினத்தின் மிகச் சிறிய உறுப்பு கைத்துப்பாக்கி. அதன் குழல் பெரும்பாலும் எட்டு முதல் பத்து அங்குல நீளமே உடையது. தோளிலே சார்த்திப் பிடிப்பதற்கு அடிக்கட்டை இல்லை. ஒரு முறை வெடித்தபின் மீண்டும் மருந்திட்டுக் குண்டை இறக்கி ஆயத்தமாவதற்குப் பழகிய கைக்கும் அரை நிமிடமேனும் செல்லும். அதற்குள் மான் கண்ணுக்கெட்டாத் தொலைவை அடைந்துவிடும். ஆகவே, இதனைக் கையிலேந்திக் காட்டிற்குச் செல்பவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு குண்டு.

வேட்டை நன்றோ தீதோ என்னும் வழக்கு மிகப் பழையது. அதனை இங்கே தீர்க்கப் புக வேண்டியதில்லை. ஆயினும் வேட்டையை விரும்புவோரும் வெறுப்போரும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் உண்மையொன்று உண்டு. காயத்தோடு ஓடிப் புதரிலே வீழ்ந்து, நெடுநேரம் துடித்து இறக்கும் விலங்கின் துன்பம் எவ்வாறாயினும் தவிர்க்கப்பட வேண்டியதே. எனவே மருந்தின் அளவையும் குண்டின் வகையையும் தெரிந்தெடுத்தல் வெறும் கருவி நுட்பம் அன்று; அவ்விலங்கு நொடியில் வீழுமா, அன்றி நோவோடு அலையுமா என்பது பெரும்பாலும் அத்தெரிவிலேயே தங்கியிருக்கின்றது.

முதலில் மருந்தைப் பற்றி நோக்கலாம். இத்துவக்குகளுக்கு உரியது பழைய கருமருந்தேயாகும். அது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பும், பதினைந்து பங்கு கரியும், பத்துப் பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. வெடியுப்பு எரிதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தருகின்றது, கரி எரிபொருளாகின்றது, கந்தகம் விரைவில் தீப்பற்றச் செய்கின்றது. எரிந்தபின் இக்கலவையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு வாயுவாகாது, வெண்புகையாகவும் கரிப்படிவாகவும் எஞ்சுகின்றது. முன்னாளைய போர்க்களங்கள் புகையினால் மூடுண்டு கிடந்தமைக்கும், ஒரு வெடிக்குப் பின் குழல் அழுக்கேறி அடுத்த குண்டு இறங்க மறுப்பதற்கும் இதுவே காரணம்.

புகையில்லா மருந்தைப் போல் வியேல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1884ஆம் ஆண்டு ஆக்கினார். இக்காலத் தோட்டாக்களில் இருப்பது அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் அமுக்கம் கருமருந்தின் அமுக்கத்தினும் மிகப் பெரிது. கருமருந்துக்கென அமைந்த குழலில் அதனை இட்டால், சிறிதளவும் குழலைப் பிளந்து சுடுபவனின் கையையும் கண்ணையும் கெடுத்துவிடலாம். தோட்டாவைப் பிரித்தெடுத்த மருந்தைப் பழந்துவக்கில் இடுதல் ஒருபோதும் ஆகாது என்பது இத்துறையின் முதற் கட்டளை.

கருமருந்தும் ஒரே தரத்தது அன்று. மணியின் பருமனுக்கேற்ப அது வகுக்கப்பட்டுள்ளது. 'எவ்' என்னும் ஆங்கில எழுத்தினாற் குறிக்கப்படும் அத்தரங்களில், எழுத்து மிகுந்தோறும் மணி நுண்ணியதாகும். பெருமணி மெல்ல எரியும். நுண்மணி விரைந்து எரியும். நீண்ட குழலில் மெல்ல எரியும் மருந்துக்குத் தன் வேலையை முடிக்க இடமுண்டு. கைத்துப்பாக்கியின் குறுங்குழலில் அவ்விடம் இல்லை. ஆகவே மூன்று 'எவ்' எனப்படும் நுண்மணி மருந்தே கைத்துப்பாக்கிக்குப் பெரிதும் வழங்குகின்றது.

மருந்து மிகுந்தால் வலிமையும் அதே அளவில் மிகும் என எண்ணுதல் இயல்பு. ஆனால் குறுங்குழலில் ஓர் எல்லைக்கு அப்பால் இட்ட மருந்து, குண்டு வெளியேறும் வரையில் முழுதும் எரிந்து முடிவதில்லை. எஞ்சியது குழல்வாய்க்கு வெளியே தீப்பிழம்பாகவும் பேரொலியாகவும் வீணாகின்றது. குண்டின் வேகம் சிறிதே கூடும், கையை உதைக்கும் உதையோ பெரிதாகும், குறியும் பிறழும். அரை அங்குல விட்டமுள்ள குழல் பூண்ட கைத்துப்பாக்கிகளில் 30 முதல் 40 கிறெயின் வரையான மருந்தே பெரும்பாலும் வழக்கம். ஓர் இறாத்தலில் 7000 கிறெயின் உண்டு என்பதை நினைந்தால் இதன் சிறுமை விளங்கும். ஆயினும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனைச் செய்தோர் விதித்த மேல் எல்லையே முடிந்த முடிபு. பிறர் சொல்லோ பழக்கமோ அதனை மீறுதற்கு அனுமதியாகாது.

இவ்வுண்மைக்கு வரலாற்றிலும் சான்றுண்டு. 1847ஆம் ஆண்டு சாமுவேல் கோல்ட் என்பார், சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவரின் வேண்டுகோட்கிணங்கப் பெருஞ்சுழல் துப்பாக்கியொன்றை ஆக்கினார். அதன் உருளையிலுள்ள ஆறு அறைகளிலும் மருந்தும் குண்டும் முன்புறமாகவே இடப்பட்டன. ஒவ்வோர் அறையும் 60 கிறெயின் மருந்து கொள்ளும். துப்பாக்கியின் எடை நாலரை இறாத்தலுக்கும் மேல். அக்காலத்தில் அதற்கு நிகரான வலிமை வேறு கைத்துப்பாக்கிக்கு இருந்ததில்லை. ஆனால் அவற்றிற் சிலவற்றின் உருளைகள் அமுக்கந் தாங்காது பாவனையிலே வெடித்துச் சிதறின. அடுத்த ஆண்டே கோல்ட் வெளியிட்ட புதிய துப்பாக்கியில் உருளை குறுகியது. அறை கொள்ளும் மருந்தும் குறைந்தது. ஆக்கியோனே அளவைக் குறைத்தமை வேட்டைக்காரர் நினைவிற் கொள்ள வேண்டிய பாடம்.

இனிக் குண்டு. பழைய முறையிலான குண்டு ஈயத்தினாலான உருண்டை. உருண்டையின் விட்டம் சிறிது கூடினும் அதன் எடை பெரிதும் கூடும் என்பது கணிதம் கற்ற மாணவர் அறிந்ததே. ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 35 பங்கு விட்டமுள்ள ஈயக் குண்டு ஏறக்குறைய 64 கிறெயின் நிறுக்கும். விட்டம் 44 பங்காயின் எடை 128 கிறெயின். விட்டம் ஏறக்குறையக் காற்பங்கே கூடியது, எடையோ இரட்டித்துவிட்டது. அரை அங்குலக் குழலுக்குரிய 49 பங்கு விட்டக் குண்டு 177 கிறெயினும், 53 பங்கு விட்டக் குண்டு 224 கிறெயினும் நிறுக்கும். குழலின் அளவை இறாத்தலுக்கு எத்தனை குண்டு என்று கூறும் பழைய வழக்கும் இதிலிருந்தே எழுந்தது. நம் நாட்டிலும் வழங்கும் '12 போர்' என்னும் பெயரின் பொருள், அக்குழலின் விட்டமுள்ள ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தலாகும் என்பதே.

எடை ஏன் முதன்மை பெறுகின்றது? கைத்துப்பாக்கியினால் பெருவேகம் தர இயலாமையால். 177 கிறெயின் குண்டு நீண்ட குழலிலிருந்து வினாடிக்கு 1800 அடி வேகத்தில் வெளிவருமாயின் அதன் சத்தி 1270 அடி இறாத்தலுக்குச் சற்று மேலாகும். அதே குண்டு கைத்துப்பாக்கியிலிருந்து வினாடிக்கு 900 அடி வேகத்தில் வந்தால் சத்தி 320 அடி இறாத்தலை எட்டுவதில்லை. வேகம் பாதியாயிற்று, சத்தியோ காற்பங்காயிற்று. இந்நிலையில் வேகத்தைத் துரத்துதல் பயன் தராது. தக்க எடையும் விட்டமும் உள்ள குண்டைத் தெரிந்து, அதனைச் சரியான இடத்திற் சேர்த்தலே வழி. அணில் போன்ற சிற்றுயிர்க்குச் சிறு குண்டும் சிறிதளவு மருந்தும் போதும். அங்கே பெருங்குண்டு இறைச்சியைச் சிதைத்துவிடும். அமெரிக்காவின் வெண்வால் மானுக்கு அரை அங்குலமோ அதற்குச் சற்று மேலோ விட்டமுள்ள குழலையே அறிந்தோர் நாடுவர்.

குண்டு குழலைவிட்டு நீங்கியதும் அதனை எதிர்ப்பது காற்று. காற்றின் தடை பொருட்படுத்தத் தக்கதன்று என்றே முன்னாளில் அறிஞர் பலர் எண்ணினர். ஆங்கிலக் கணித அறிஞரான பெஞ்சமின் றொபின்ஸ், குண்டினைக் கனத்த ஊசலொன்றின்மீது மோதச் செய்து, ஊசல் விலகிய அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தார். 1742ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல், விரைந்து செல்லும் குண்டின்மீது காற்றின் தடை அக்குண்டின் எடையிலும் பன்மடங்கு என்பதைக் காட்டியது. உருண்டை வடிவம் காற்றைக் கிழித்துச் செல்வதற்கு ஏற்றதன்று. புறப்படும்போதே மெல்லச் செல்லும் கைத்துப்பாக்கிக் குண்டு, தொலைவு மிகுந்தோறும் தன்னிடமுள்ள சிறு சத்தியையும் இழக்கின்றது; புவியீர்ப்பினால் தாழ்ந்தும் வீழ்கின்றது.

இக்குறையை நீக்கவே நீள்வடிவக் குண்டு எழுந்தது. பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த மினியே என்பார் 1849இல் அமைத்த கூம்புக்குண்டு அவற்றுட் புகழ் பெற்றது. அதன் அடிப்புறம் உட்குழிவானது. வாயுவின் அமுக்கத்தால் விரிந்து குழலின் சுரிக்கோடுகளைப் பற்றிக்கொள்ளும். ஒரே குழலுக்குரிய உருண்டையினும் கூம்புக்குண்டு மிகுந்த எடையுடையது. ஆகையால் ஆழப் பாயும். சத்தியை நெடுந்தூரம் காக்கும். ஆயினும் நன்மை தனியே வருவதில்லை. எடை மிகவே அமுக்கமும் உதையும் மிகும். அன்றியும், நீண்ட குண்டு தடுமாறாது செல்ல அதனை விரைந்து சுழற்றும் சுரி வேண்டும். உருண்டைக்கென மெல்லச் சுழலும் சுரி வெட்டிய குழலில் அதனை இட்டால், அது பக்கவாட்டிற் புரண்டு குறிதவறக்கூடும். ஆகவே எக்குண்டு சிறந்தது என்று பொதுவாக வினாவுதல் பொருந்தாது. இக்குழலுக்கு எது இசைந்தது என்பதே வினா.

இக்காலத்தில் வேறொரு வகையும் வழக்கிலுண்டு. சிறிய புதுமுறைக் குண்டொன்றைப் பிளாத்திக்கு உறையிற் பொதிந்து பெரிய குழலில் இடுவர். மரச் செருப்பு எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அவ்வுறையை அழைப்பர். அக்குண்டுகளுட் சில, தசையிற் பட்டதும் மலர்ந்து விரியுமாறு செய்யப்பட்டவை. ஆனால் அவை குறித்த வேகத்தில் மோதினாலன்றி மலர்வதில்லை. கைத்துப்பாக்கியின் தாழ்ந்த வேகத்தில் அவ்வாறு மலருமா என்பதை ஆராயாது, விளம்பரத்தை நம்பி வாங்குதல் பேதைமை.

குண்டின் உலோகத்திலும் கருத்து வேண்டும். தூய ஈயம் மென்மையானது. மெதுவாகச் சென்று தாக்கினும் சற்றே தட்டையாகி அகன்ற புண் செய்யும். வெள்ளீயமோ அந்திமனியோ கலந்த கடின ஈயம் அவ்வாறு மாறாது. துணியின்றி நேரே இடும் கூம்புக்குண்டாயின் சுரிக்கோடுகளையும் நன்கு பற்றாது. உருண்டைக் குண்டு குழலின் விட்டத்தினும் சிறிதாக வார்க்கப்பட்டு, எண்ணெய் பூசிய பருத்தித் துணித்துண்டில் வைத்து இறக்கப்படும். அத்துணியே இடைவெளியை அடைத்து, சுரியின் சுழற்சியைக் குண்டுக்கு அளிக்கின்றது. துணியின் தடிப்பு மாறினாற்கூடக் குறி மாறும். வெடித்தபின் நிலத்திற் கிடக்கும் துணித்துண்டைத் தேடியெடுத்துப் பார்ப்பது தேர்ந்தோர் வழக்கம். அது கிழிந்தோ கருகித் துளைபட்டோ இருந்தால், மருந்து மிகை அல்லது துணி மெலிது என்பதை அறியலாம்.

இடும் முறையிலும் தவறலாகாது. மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் ஊற்றல் கூடாது. முன்வெடியின் தீப்பொறி உள்ளே எஞ்சியிருப்பின், குடுவை முழுதும் கையிலே வெடிக்கும். தனிச் சிற்றளவை ஒன்றில் அளந்தே இடவேண்டும். குண்டு மருந்தின்மீது அழுந்தப் படிதல் வேண்டும். இடையில் வெளி இருந்தால் அமுக்கம் வரம்பு கடந்து குழல் வீங்கவோ பிளக்கவோ நேரிடும். கூம்புக்குண்டு துணியின்றி இடப்படுவதால், குழலைத் தாழப் பிடித்து நெடுந்தொலைவு நடந்தால் தானே முன்னோக்கி நழுவக்கூடும். சரியாக இட்டபோது இடிகோல் எவ்வளவு உட்செல்கின்றது என்பதைக் கோலிலே அடையாளமிட்டு வைத்திருந்தால், சுடுமுன் கோலை இட்டு அதனைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தீ மூட்டும் பொறிமுறையும் இதனோடு சேர்ந்தது. சக்கிமுக்கிக்கல் பொறியிலே முதலில் கிண்ணத்து மருந்து மின்னி, அதன் பின்னரே உள்மருந்து வெடிக்கும். நீர்ப்பறவை வேட்டையில் ஈடுபாடுடைய ஸ்கொத்துலாந்துப் போதகரான அலெக்சாந்தர் போர்சைத் என்பார், அம்மின்னலைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவதைக் கவனித்தார். அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு புதிய பொறியொன்றை அமைத்து, 1807ஆம் ஆண்டு அதற்கு உரிமை பெற்றார். பிற்கால வெடித்தொப்பிக்கு வழிவகுத்தது அதுவே. எனினும் எப்பொறியாயினும் மருந்து ஈரமுற்றால் பயனில்லை. கருமருந்தின் கரிப்படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருவேற்றும். ஆதலால் வெடித்த குழலை அன்றே சவர்க்கார நீரினாற் கழுவி உலர்த்தி எண்ணெயிடல் வேண்டும்.

இத்தனையும் தெரிந்தெடுத்த பின்னர் எஞ்சுவது ஒரு சோதனை. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. எட்டு அங்குல விட்டமுள்ள கடதாசித் தட்டொன்று போதும். வெண்வால் மானின் இருதயமும் நுரையீரலும் அமைந்த இடம் ஏறத்தாழ அவ்வளவினதே. மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி, விதித்த எல்லையைக் கடவாது, எவ்வளவில் குண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி வீழ்கின்றன எனக் காணவேண்டும். பெரும்பாலும் அது எல்லையின் உச்சமாய் இருப்பதில்லை. அதற்குச் சற்றுத் தாழ்ந்த அளவாகவே இருக்கும். பின்னர் தட்டை 30 அடியில் வைத்துச் சுடவேண்டும். 45 அடியில், 60 அடியில், 75 அடியில் என அகற்றிச் செல்லவேண்டும். எத்தொலைவில் ஒரு குண்டேனும் தட்டைத் தப்புகின்றதோ, அத்தொலைவு அவனுக்கு உரியதன்று. அதற்கு முந்தியதே அவன் எல்லை. துப்பாக்கி இன்னுந் தொலைவிற்குச் சுடவல்லது என்று அதனைச் செய்தவர் கூறலாம். ஆனால் காட்டிலே மானின் முன் நிற்பவன் அவர் அல்லரே.

எல்லைக்குள்ளே நின்றாலும் மான் பக்கவாட்டாக நிற்றல் வேண்டும். வேகங்குறைந்த உருண்டைக் குண்டு தடித்த எலும்பையும் தசையையும் ஊடுருவி உயிர்நிலையை அடைதல் அரிது. நேர் எதிரே நிற்கும் மானையும், ஓடும் மானையும், கிளைகளுக்கிடையே தோன்றும் மானையும் சுடாது விடுதலே முறை. சுட்டபின் மான் ஓடிவிடின், அடிபடவில்லை என முடிவுகட்டித் திரும்புதல் பெரும் பிழை. புகை மறைத்தலால் குண்டு பட்டதைச் சுட்டவனே காணாதிருக்கலாம். உடனே துரத்தாது சிறிது பொறுத்து, குருதியையும் மயிரையும் காற்சுவட்டையும் தேடி இறுதிவரை பின்தொடர்தல் அவன் கடன்.

ஈயத்தைப் பற்றி இக்காலம் கற்றுத் தந்த பாடமொன்றும் உண்டு. வேட்டையில் விடப்பட்ட குடலையும் இறைச்சியையும் உண்ட பறவைகள், அவற்றிலிருந்த ஈயத் துணுக்குகளால் நஞ்சூட்டப்பட்டு இறந்தன. கலிபோர்ணியாவில் அருகிவந்த கொண்டோர் என்னும் பெருங்கழுகுக்கு இது பெருங்கேடாயிற்று. அதனால் அம்மாநிலம் வேட்டையில் ஈயக் குண்டுகளை 2019ஆம் ஆண்டு ஜூலை முதலாந் தேதியிலிருந்து முற்றாகத் தடுத்தது. மெதுவாகச் செல்லும் உருண்டை, விரைந்து செல்லும் குண்டைப்போல் அவ்வளவு சிதறுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஈயம் மனிதர்க்கும், சிறப்பாகக் குழந்தைகளுக்கும் தீங்கானது. புண்ணைச் சூழ்ந்த இறைச்சியைத் தாராளமாக வெட்டி நீக்குதலும், குண்டு வார்ப்போர் காற்றோட்டமுள்ள இடத்தில் வார்த்துக் கைகழுவுதலும் வேண்டும்.

இவையனைத்துக்கும் மேலே சட்டம் நிற்கின்றது. அமெரிக்காவிலும் எல்லா மாநிலங்களும் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாட இடங்கொடுப்பதில்லை. இடங்கொடுப்பனவும் தத்தம் நிபந்தனைகளை விதிக்கின்றன. இலங்கையிலோ 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் உள்ளன. இங்கு கூறப்பட்டவை அறிவதற்கேயன்றி, உரிமமின்றித் துவக்கெடுத்துக் காடு புகுவதற்கல்ல.

மருந்து, குண்டு, துணி, சுரி, தொலைவு என்று பலவாறாகப் பிரித்துக் கூறினும், இவை யாவும் ஒன்றிலே சென்று முடிகின்றன. பல குண்டுள்ள துவக்கினன் முதற் குண்டின் பிழையை அடுத்ததாற் சரிசெய்யலாம் என நம்புகின்றான். ஒற்றைக் குண்டுடையவனுக்கு அந்நம்பிக்கை இல்லை. ஆகவே அவன் வீட்டிலேயே அளந்து, வெளியிலே பழகி, தன் எல்லையை அறிந்து காட்டிற்குச் செல்கின்றான். மான் அவ்வெல்லைக்கு அப்பால் நின்றால், அன்று முழுதும் காத்திருந்தவனாயினும் துப்பாக்கியைத் தாழ்த்தி வீடு திரும்புகின்றான். மருந்தும் குண்டும் தெரியும் கலையின் கடைசிப் படி, அவற்றைச் செலவிடாது வைத்திருக்கத் தெரிதலே.